ஆடு, கோழி உள்ள ஊரில் வேட்டைநாய்: துரத்தாமல் பழக்குவதற்கான வழிமுறை

கரிசல் காட்டு ஊர்களில் சிப்பிப்பாறை என்னும் வேட்டைநாய் இனத்துக் குட்டியை முதன்முதலாக வாங்கி வளர்ப்பவருக்கு, முதல் ஐந்தாறு மாதங்கள் பெரும்பாலும் நிம்மதியாகவே கழியும். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். மயிலை என்று நிறத்தை வைத்தே பெயரிட்ட எங்கள் பெட்டை நாய்க்கு எட்டு மாதமானபோது எங்கள் வீட்டிலும் இது நடந்தது. கோழிக்குரிய விலையைக் கொடுத்தோம், நாயை அடித்தோம், ஒரு வாரம் சங்கிலியில் கட்டிப்போட்டோம். இந்த மூன்றில் முதலாவது மட்டுமே சரியான செயல் என்பது பிறகுதான் விளங்கியது. அதே நிலையில் இருக்கும் புதியவர்களுக்காக, அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டு செய்த முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இரண்டு வேட்டைநாய் இனங்களையும் மனத்தில் வைத்தே எழுதினாலும், இராஜபாளையம், கோம்பை, லேப்ரடார், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே வழி பொருந்தும். ஆகும் காலம் மட்டும் வேறுபடும்.

துரத்தலே கூலி

வேட்டை என்பது நாய்க்கு ஒரே செயல் அன்று. காதை நிமிர்த்தித் திசையறிவது, கண்ணை எடுக்காமல் உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது என்று அது ஒரு சங்கிலியாக நீள்கிறது. மனிதர்கள் தமக்கு வேண்டிய கண்ணி வலுவாகவும் வேண்டாத கண்ணி மழுங்கியும் இருக்கும்படி நாய்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததால்தான், ஆடு மேய்க்கும் பார்டர் காலி உற்றுப் பார்த்து, பதுங்கி, துரத்துவதோடு நிற்கிறது, லேப்ரடார் கவ்வியதைச் சேதமில்லாமல் கொண்டுவந்து கொடுக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு, ஓடி, பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஒல்லியான உடல், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், சிறு அசைவையும் தொலைவிலிருந்தே பிடித்துவிடும் கண் என்று அவற்றின் உடம்பு முழுவதும் அந்த ஒரு வேலைக்காக அமைந்தது. ஆகவே உங்கள் நாய் கோழியைத் துரத்துவது கெட்ட குணத்தால் அன்று. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எதற்காகப் பாராட்டப்பட்டதோ அதையே அது செய்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்குப் பயன்படும் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, துரத்துவதற்கும் பசிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வயிறு முட்டத் தின்ற நாயும் கோழி ஓடினால் பின்னால் ஓடும் என்பதால், இறைச்சியை அதிகமாகப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். இரண்டாவது, ஓட்டமே அதற்குச் சுகமாக இருப்பதால், எதையும் பிடிக்காமல் திரும்பிவந்தாலும் அது தன் கூலியைப் பெற்றுக்கொண்டுதான் திரும்பியிருக்கிறது. நீங்கள் ஒரு மாதம் பாடுபட்டுக் கற்பித்ததை ஒரே ஓட்டம் பின்னுக்குத் தள்ளிவிடும். எனவே கற்பிப்பதற்கு முன்பு, இந்த இலவசக் கூலி கிடைக்கும் வழிகளை எல்லாம் அடைக்க வேண்டும்.

முதல் வேலை: அடைப்பும் கயிறும்

முதல் வாரம் நாய்க்கு எதையும் கற்பிக்க வேண்டாம். அதைக் கவனித்தால் போதும். எந்த விலங்கைக் கண்டால், எவ்வளவு தொலைவில், என்ன செய்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மயிலை பசுவைத் திரும்பியும் பார்க்காது என்பதும், நின்று மேயும் ஆட்டைப் பொறுத்துக்கொள்ளும் ஆனால் துள்ளும் குட்டியைப் பொறுக்காது என்பதும், பூனையைக் கண்டால் வேலிக்குள்ளிருந்தே நடுங்கத் தொடங்கும் என்பதும் இப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தன. ஊரில் ஆடுகள் எத்தனை மணிக்கு மேய்ச்சலுக்குப் போகின்றன, எந்தப் பாதையில் திரும்புகின்றன என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால், நாயை வெளியே அழைத்துப் போகும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிவிடலாம்.

வேலியில் நாய் தலையை நுழைக்கக்கூடிய சந்து எதுவும் இருக்கக் கூடாது. சிப்பிப்பாறை உயரமாகத் தாண்டும் என்பதால், இடுப்பளவுச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே அன்று. வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு ‘ஒரு நிமிடம்தானே’ என்று உள்ளே போகும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் விட வேண்டும். எங்கள் வீட்டில் நடந்த இரண்டாவது விபத்துக்கு அந்த ஒரு நிமிடமே காரணம்.

கயிற்று விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இவ்வகை நாய்களுக்குத் தலை கழுத்தைவிடக் குறுகலாக இருப்பதால், சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்னோக்கி ஓர் இழுப்பில் உருவிக்கொண்டு ஓடிவிடும். ஹார்னஸ் எனப்படும் மார்புப்பட்டையை வாங்கி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கி மாட்டுங்கள். தெருவுக்கு இரண்டு மீட்டர் கயிறும், வெளியிடத்தில் பயிற்சிக்குப் பத்து மீட்டர் கயிறும் வேண்டும். நீளக் கயிற்றை மார்புப்பட்டையில் மட்டுமே மாட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் மாட்டினால், முழு வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் முடிவில் சடாரென்று நிற்கும்போது கழுத்தெலும்பும் மூச்சுக்குழலும் காயப்படும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், ஓடும் கயிற்றை வெறுங்கையால் பற்றவும் செய்யாதீர்கள். நான் அப்படிப் பற்றிய நாளில் உள்ளங்கைத் தோல் வழன்றுபோய், பத்து நாள் இடக்கையால் சாப்பிட்டேன். தோட்ட வேலைக்குப் போடும் கையுறை ஒன்று இருந்தால் போதுமானது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

பயிற்சிக்கு நான்கு சொற்கள் தேவை: சரியாகச் செய்தாய் என்பதற்கு ஒன்று, என்னிடம் வா என்பதற்கு ஒன்று, அதை விடு என்பதற்கு ஒன்று, விளையாட்டு முடிந்தது என்பதற்கு ஒன்று. நாங்கள் முறையே ‘சபாஷ்’, ‘இங்க’, ‘விடு’, ‘போதும்’ என்று வைத்துக்கொண்டோம். எந்தச் சொல்லாக இருந்தாலும் வீட்டில் எல்லோரும் அதையே, அதே ஒலியில் சொல்ல வேண்டும். அழைப்பதற்கு ‘தோ தோ’ என்பதைப் பயன்படுத்தாதீர்கள். ஊரில் போவோர் வருவோர் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அது நாயின் காதில் தேய்ந்துபோயிருக்கும். விசில் இன்னும் நல்லது, ஏனெனில் நம் குரலில் இருக்கும் கோபமும் பதற்றமும் விசிலில் தெரியாது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. காக்கையையும் கோழியையும் விரட்ட நாம் ‘சூ’ என்கிறோம். நாயை ஏவிவிடவும் அதே ‘சூ’ என்றுதான் சொல்கிறோம். திண்ணையில் காயும் வற்றலைக் கொத்த வந்த காக்கையைப் பாட்டி ‘சூ’ என்று விரட்டும்போதும், அணிலைக் காட்டிக் குழந்தைகள் ‘சூ, பிடி’ என்று வேடிக்கை செய்யும்போதும், நாய் அதைத் தனக்கான உத்தரவாகவே எடுத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஒற்றை எழுத்தை நிறுத்துவதற்கு நாயைப் பழக்கியதைவிட அதிக நாளாயிற்று.

வீட்டுக்குள் முதல் பாடம்

வெகுமதிக்கு நாய் அன்றாடம் தின்னும் சோறு பயன்படாது. ஆட்டு ஈரலை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகத்தளவுத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டை விட்டுவிட்டதற்கு ஆட்டு ஈரலா என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அதற்கு ஈடான ஒன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவித்த முட்டையும் நல்லதுதான். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் தவிர்க்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புக் கறி, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. கொடுக்கும் ஈரலின் அளவைப் பார்த்து அன்றைய உணவைக் குறைத்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள், ‘சபாஷ்’ என்று சொன்ன மறுநொடியே ஒரு துண்டைக் கொடுப்பது மட்டுமே பாடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாய் கையைப் பார்க்கிறதென்றால் பாடம் ஏறிவிட்டது. அடுத்து அழைப்பு: இரண்டடித் தொலைவில் தொடங்கி, அறைக்கு அறை, பின் முற்றம், பின் மாடி என்று தொலைவைக் கூட்டி, ‘இங்க’ என்றதும் வரும் ஒவ்வொரு முறையும் ஈரல் கொடுங்கள். குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ ஊசி போடவோ இந்தச் சொல்லால் அழைக்காதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே நடந்து போய் நாயை அழைத்து வாருங்கள். ‘விடு’ என்பதற்கு, மூடிய கையில் ஒரு துண்டை வைத்து நீட்டுங்கள். நாய் முகரும், நக்கும், நகத்தால் பிறாண்டும். எதுவும் பேசாமல் இருங்கள். சலித்துப்போய் முகத்தை விலக்கும் கணத்தில் ‘சபாஷ்’ என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுங்கள். விட்டால்தான் கிடைக்கும் என்பது புரிந்த பிறகு, முகத்தை விலக்கப்போகும் நேரத்தில் ‘விடு’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு பாடத்துக்கு ஐந்து நிமிடம் போதும்; நாளுக்கு மூன்று முறை செய்யலாம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறும் முன் காலையிலும், பொழுது சாய்ந்த பிறகு மாலையிலும் மட்டும் செய்யுங்கள்.

ஆட்டின் முன்னால்

மொத்தப் பயிற்சியின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. தோற்பவர்களில் பெரும்பாலோர் இங்கே அவசரப்பட்டே தோற்கிறார்கள். விதி எளியது: நாய் ஆட்டைப் பார்க்க வேண்டும், ஆனால் ஈரலைத் தின்னும் நிதானத்தையும் இழக்கக் கூடாது. ஈரலை வாயருகே நீட்டியும் அது தின்னவில்லை என்றால், நாய் பிடிவாதம் பிடிக்கிறது என்று எண்ணாதீர்கள். நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள் என்பதே அதன் பொருள்.

நாங்கள் கம்மாய்க் கரையில் தொடங்கினோம். மாலை ஐந்தரை மணிக்கு ஆடுகள் எதிர்க்கரை வழியாகத் திரும்பும். எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஏறத்தாழ 200 அடி. முதல் ஆட்டைக் கண்டதும் மயிலையின் காதுகள் மேலேறின. அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்த வாய் மூடிக்கொண்டது. முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து மெல்ல எழுந்து மடங்கி நின்றது, வாலின் நுனி அசைவற்றுப் போனது. வாய் மூடுவதற்கும் பாய்வதற்கும் இடையே இரண்டு மூன்று நொடிகளே இருக்கும். அந்த இடைவெளியில்தான் வேலை செய்ய வேண்டும். கண் ஆட்டின்மேல் பதிந்த கணத்திலேயே மெல்லிய குரலில் ‘சபாஷ்’ என்றேன். சொல்லுக்குப் பழகியிருந்ததால் கழுத்து என் கைப்பக்கம் திரும்பியது. ஈரலைத் தின்றது. மறுபடி ஆட்டைப் பார்த்தது; மறுபடி ‘சபாஷ்’; மறுபடி ஈரல். பத்து முறை ஆனதும் வீடு திரும்பினோம். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

ஆட்டைப் பார்த்ததற்கே வெகுமதி கொடுப்பது தொடக்கத்தில் தலைகீழாகத் தோன்றும். ஆனால் பார்ப்பது பிழையன்று. பார்த்தபின் பாய்வதுதான் பிழை. பார்த்தல் என்ற கண்ணிக்கு அடுத்ததாக, துரத்தல் இருந்த இடத்தில், வளர்ப்பவரின் கையை நோக்கித் திரும்புவதைப் பொருத்துகிறோம். மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மயிலை ஆட்டைப் பார்த்துவிட்டு, கூலியைக் கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்தது. அந்தத் தொலைவில் பாடம் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அதன் பிறகே பத்தடி நெருங்கலாம். நாய் சொல்லைக் கேட்காமல் உறைந்து நின்றால், கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், பக்கவாட்டில் திரும்பி இருபது முப்பது அடி விலகி நடந்து, அது மீண்டும் தின்னத் தொடங்கும் இடத்திலிருந்து தொடருங்கள். நிற்கும் ஆடு, நடக்கும் ஆடு, ஓடும் ஆடு, துள்ளும் குட்டி என்ற வரிசையில் கடினம் கூடுகிறது; ஒவ்வொன்றுக்கும் தொலைவைச் சற்றுக் கூட்டிப் புதிதாகவே தொடங்க வேண்டும். ஆடு மேய்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்வது முறை. சினையாட்டைத் துரத்தினால் பயத்திலேயே கரு கலையக்கூடும் என்பதால், அவர் தயங்கினால் அது நியாயமான தயக்கமே.

கோழிக்கு வேறு உத்தி

வீட்டுக் கோழியிடமிருந்து 200 அடி விலகி நிற்க முடியாது என்பதால், விலகலுக்குப் பதிலாக, கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து முற்றத்தின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, எதிர்மூலையில் நாயைக் கயிற்றோடு படுக்கவைத்து, அது அமைதியாக இருக்கும் ஒவ்வொரு சில நொடிக்கும் ஒரு துண்டு கொடுங்கள். கோழிகளுக்கு முன்கூட்டித் தீனி போட்டுவிட்டால் சிறகடிக்காமல் கொத்திக்கொண்டிருக்கும். நாள்தோறும் ஓர் அடி நெருங்கலாம். கோழி பயந்து பஞ்சாரத்தில் மோதினால் அன்று நிறுத்திவிடுங்கள். அது நாய்க்கும் கெடுதல், கோழியும் சில நாள் முட்டையிடாமல் போகும். குட்டி நாய் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்: மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை பார்த்துப் பழகியவற்றைக் குட்டி தன் கூட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது என்பதால், அந்தப் பருவத்தில் கோழியும் பூனையும் கண்ணில் பட்டு வளர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பூனைக்கும் இதே முறைதான். ஆனால் பூனைக்கு ஏறித் தப்ப உயரமான இடம் எப்போதும் இருக்க வேண்டும்.

ஓட்டத்துக்கு வடிகால்

ஓடப் பிறந்த நாயை ஓடாமலே வைத்திருப்பது அநியாயம் மட்டுமன்று, பயனற்றதும்கூட. ஐந்தடிக் கம்பின் நுனியில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் முடிவில் ஒரு பழந்துணி முடிச்சைக் கட்டுங்கள். சுற்றுச்சுவருள்ள இடத்தில் அதைத் தரையோடு இழுத்து நாயைத் துரத்தவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். நடுநடுவே ‘விடு’ என்று நிறுத்தி, விட்டதும் மறுபடி ஓடவிடுங்கள். இறுதியில் ‘போதும்’ என்று துணியை எடுத்து வைத்துவிடுங்கள். விரும்பிய ஓட்டத்தின் நடுவிலேயே சொல்லுக்கு நிற்பதை நாய் இங்கேதான் கற்கிறது. ஒரு வயது நிரம்பாத குட்டியின் மூட்டுகள் முதிர்ந்திருக்காது என்பதால், அதைத் தாவவும் திடீரென்று திரும்பவும் வைக்க வேண்டாம்.

ஊரில் சொல்லும் வைத்தியங்கள்

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் அது மறுபடி கோழியைத் தொடாது என்பார்கள். கோழி அழுகும், நாய்க்கு நோய் வரும். அதற்கும் நேற்றைய துரத்தலுக்கும் உள்ள தொடர்பு நாய்க்கு விளங்கவே விளங்காது. கழுத்தில் கட்டையைத் தொங்கவிடுவதால் முன்னங்கால்கள் அடிபடும். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டைப் பார்க்கும்போது வலித்தால், வலியை உண்டாக்கியது ஆடுதான் என்று முடிவுகட்டி, முன்பு விளையாட்டாகத் துரத்திய நாய் இப்போது பகையோடு கடிக்கத் தொடங்கலாம். துரத்திவிட்டுத் திரும்பிய நாயை அடிப்பது எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் அந்த அடி அதன் கணக்கில் துரத்தியதற்கு அன்று, திரும்பி வந்ததற்கே சேரும்.

வாய்ப்பூட்டு வேறு வகை. அது தண்டனை அன்று, காப்பு. வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வடிவத்தில் வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் வெயிலுக்கு ஆபத்தானது. வாய்ப்பூட்டு போட்ட நாயும் துரத்தவும் மோதவும் முடியும் என்பதால், அது கயிற்றுக்கு மாற்றாகாது.

கையை மீறிப் போய்விட்டால்

பின்னால் கத்திக்கொண்டு ஓடாதீர்கள். நீங்களும் வேட்டையில் சேர்ந்துவிட்டதாகவே நாய் எண்ணும். ஒருமுறை விசிலடித்துவிட்டு எதிர்த்திசையில் ஓடினால் சில நாய்கள் திரும்பும். திரும்பாவிட்டால், தரையில் இழுபடும் நீளக் கயிற்றைக் காலால் மிதித்து நிறுத்துங்கள். ஆட்டுக்கு நாய்ப்பல் பட்டிருந்தால், வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் தோலுக்கு அடியில் சதை கிழிந்திருக்கக்கூடும். மயிரை ஒதுக்கிப் பார்த்து, சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விட்டுவைத்தால் புழு வைத்துவிடும். நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். உரியவரிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லி, செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மயிலும் முயலும்

காட்டு விலங்குகளைப் பொறுத்தவரை இது பழக்கம் சார்ந்த பிரச்சினை மட்டுமன்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் வரையறை கொல்வதோடு நிற்கவில்லை. நாயை விட்டுத் துரத்துவதும் விரட்டுவதும் அதற்குள் வருகின்றன. மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முயலைப் பிடிப்பதும் குற்றமே. பழைய பெருமையைப் பேசி, நாயை முயலுக்கு விட்டுக் காட்டச் சொல்லும் நண்பர்கள் வாய்ப்பார்கள். அவர்களை வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எப்போது கயிற்றை அவிழ்க்கலாம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு மாத காலம் ஒரு பிழையும் இல்லாமல் போனால், நீளக் கயிற்றைக் கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபடவிடலாம். அதிலும் ஒரு மாதம் தேறினால், கயிற்றின் நுனியிலிருந்து வாரத்துக்கு ஒரு முழம் வெட்டிக் குறைத்துக்கொண்டே வரலாம். கயிற்றின் கனம் சிறிது சிறிதாகக் குறைவது நாய்க்குத் தெரியாது. இன்னொரு நாயோடு சேர்த்து அழைத்துப் போகும் நாளில் மட்டும் முழுக் கயிற்றுக்குத் திரும்புங்கள், ஏனெனில் தனியாக நல்ல பிள்ளையாக இருக்கும் நாய் துணை சேர்ந்தால் வேறு நாயாகிவிடும்.

மயிலைக்கு இந்த நிலையை அடைய ஒன்பது மாதமாயிற்று. இப்போது அதற்கு நான்கு வயது. முற்றத்தில் அது படுத்திருக்கும்போது கோழிகள் அதன் வாலைத் தாண்டிக்கொண்டு போகின்றன. ஆனால் சோற்றுத் தட்டை மட்டும் தனி அறையில்தான் வைக்கிறோம், கம்மாய்க்குள் முயல் எழும் புதர்ப்பக்கம் போகும்போது இன்றும் பத்து மீட்டர் கயிறு என் கையில்தான் இருக்கிறது.